விளக்கம் சொல்லக் கூடாது

வாங்க அம்மணி, உள்ள வாங்க. மரகதம் டீச்சர் ஊடு இதுதானுங்க, நான்தான் மரகதம். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இப்படிக் கட்டில் மேல உக்காருங்க. கவிதை வகுப்புல சேரோணும்னு வந்தீங்களா? வகுப்பு வெள்ளிக்கிழமை மத்தியானம்தான், இன்னைக்கு யாரும் வர மாட்டாங்க. பரவால்ல, வந்தது வந்துட்டீங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. கண்ணுக்குக் கீழ அந்தக் கருப்பு இருக்குது பாருங்க, தூக்கமில்லாத கருப்பு. எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் வருவாங்க.

இல்லீங்களா? பின்ன?

அடடா! தண்டபாணி தம்பிக்குப் பேசி முடிச்சிருக்கிற பொண்ணு நீங்கதானா! யசோதாதானே பேரு? பொள்ளாச்சியில, ஆஸ்பத்திரி லேப்ல வேலைன்னு தம்பி சொன்னாரு. வெத்தல பாக்கு மாத்தியாச்சு, ஆவணியில முகூர்த்தம், பத்திரிகைக்கு வாசகம் நீங்கதான் டீச்சர் எழுதித் தரோணும்னு கேட்டிருக்காரு. எழுதித்தான் வெச்சிருக்கேன், அப்பறம் காட்டறேன்.

என்னது, விசாரிக்க வந்தீங்களா? மாப்பிள்ளையப் பத்தியா? நல்ல கூத்து போங்க. அண்ணன் வருவாங்க, மாமன் வருவாங்க, மளிகைக்கடையில ஒரு வார்த்தை, டீக்கடையில ஒரு வார்த்தைன்னு கேட்டுட்டுப் போவாங்க. பொண்ணே தன்னால பஸ் ஏறி வந்து கேக்கறத இப்பத்தான் பாக்கறேன். தம்பிகிட்டச் சொல்லிட்டுத்தானே வந்தீங்க? இல்லையா? ஊட்லயும் சொல்லலையா? வெக்கமாக்கும். சரி சரி, தலையக் குனியாதீங்க. என் மகளா இருந்தா இந்நேரம் கிண்டல் பண்ணியே அழ வெச்சிருப்பேன்.

ஆனா வந்த எடம் சரியான எடம் கண்ணு. தம்பியோட மொதல் சம்சாரம் கோகிலவாணி எம் மாணவி. அவளை என்னைவிட நல்லாத் தெரிஞ்சவங்க இந்தத் தாராபுரத்துல யாரும் கெடையாது. அவ மனச அவ அம்மா படிச்சதில்ல, நான் படிச்சிருக்கேன். மனசப் படிச்சா, ஊட்டுக்காரன் எப்படின்னு தெரியாமப் போயிருமா? கேளு. நீன்னே சொல்றேன், தப்பா எடுத்துக்காத.

மொதல்ல இந்த வகுப்பு என்னன்னு உனக்குத் தெரியோணும். எங்க ஊட்டுக்காரர் போனப்ப நான் சோறு திங்கல. ரிட்டையர் ஆன புதுசு. பள்ளிக்கூடமும் இல்ல, மனுசனும் இல்ல. டாக்டர் மாத்திர குடுத்தாரு, கோயில்ல கயிறு மந்திரிச்சுக் கட்டுனாங்க, ஒண்ணும் கேக்கல. ஒரு நாள் சக்கரப் பொட்டலம் மடிச்ச காகிதத்துல நாலு வரி எழுதுனேன். அவரு மூக்குக் கண்ணாடி கூரை எறவாணத்துல சொருகுன எடத்துலயே இருக்குதுன்னு எழுதுனேன், அவ்வளவுதான். அன்னைக்குத் தூங்குனேன் கண்ணு. பொய் சொல்லல, புள்ளையாட்டம் தூங்குனேன். அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது, எழுதுனா ஆறும்னு. அதனாலதான் வகுப்புக்கே ‘எழுதி ஆறு’ன்னு பேரு வெச்சேன்.

மகன ஆக்சிடெண்ட்ல பறிகுடுத்த ஒரு அம்மா வந்தாங்க. இன்னைக்குச் சிரிச்சுப் பேசறாங்க. கண்டக்டரா இருந்த ரங்கசாமி அண்ணன் குடிய விட்டதே கவிதையாலதான். பொய் சொல்லல, கேட்டுப் பாரு. ஆனா எங்கிட்ட ரெண்டு கட்டுப்பாடு உண்டு. ஒண்ணு, நேராச் சொல்லக் கூடாது. நேராச் சொன்னா அது புகாரு. மாமியா கொடுமக்காரின்னு எழுதுனா யாரு படிப்பா? அம்மிக்கல்லு என்ன அரைக்குதுன்னு எழுது, ஊரே படிக்கும். ரெண்டாவது, வாசிச்சு முடிச்சப்பறம் விளக்கம் சொல்லக் கூடாது. இது எதுக்கு எழுதுனேன், அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு யாரும் வாயத் தொறக்கப் படாது. மத்தவங்களும் கேக்கப் படாது. வாசி, உக்காரு. மீதிய நான் சொல்லுவேன். முப்பது வருசமா நயம் பாராட்டல் நடத்துன வாயி இது.

கோகிலா அவளா வரல, தம்பிதான் கூட்டிட்டு வந்தாரு. கார்லயே வந்து எறக்கி விட்டாரு. பம்ப்செட் கடை, மோட்டார் வேலைன்னு ஓயாத மனுசன், கையில ஒரு சீப்பு ரஸ்தாளியோட வந்து நின்னாரு. “இவ யாருகிட்டயும் பேச மாட்டேங்கறா டீச்சர். எப்பவும் சொவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கா. டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போனா ஊரு ஒண்ணுக்கு ஒம்பதா பேசும். நீங்கதான் சரி பண்ணித் தரோணும்”னாரு. பாவமா இருந்துச்சு. வகுப்பு முடியற வரைக்கும் வாசல்லயே கார நிறுத்திக்கிட்டு, கண்ணாடிய எறக்கி விட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். எந்தப் புருசன் கண்ணு அப்படிக் காத்துக் கெடப்பான்? எங்க ஊட்டுக்காரர் என்ன ஒரு தடவகூட ஸ்கூல்ல வந்து கூப்பிட்டதில்ல.

மொத நாளே எழுதுனா. கூட வந்தவங்க எல்லாம் நிலா, பூன்னு எழுதிட்டு இருந்தாங்க. இவ என்ன எழுதுனா தெரியுமா?

*எங்கள் வீட்டில்*
*குளியலறைக் கதவுக்குத்*
*தாழ்ப்பாள் வெளியே.*

மூணே வரி. எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. இந்த ஒடம்புங்கறது குளியலறை, உள்ள இருக்கற உசிரு அழுக்குப் போக்கிட்டு வெளிய வரப் பாக்குது, ஆனா தாழ்ப்பாள் வெளிய, ஆண்டவன் கையில. தொறக்கறதும் சாத்தறதும் அவன் இஷ்டம். இந்த வயசுல இப்பேர்ப்பட்ட தத்துவம்! நான் விளக்கிச் சொன்னப்ப வகுப்பே கை தட்டுச்சு. அந்த ரங்கசாமி அண்ணன் மட்டும் குறுக்க பூந்து, “ஏம்மா, நெசமாவே வெளியவா வெச்சிருக்குது?”ன்னு அவகிட்டக் கேட்டாரு. எனக்கு வந்துச்சே கோவம். கட்டுப்பாடு என்னன்னு தெரியுமா தெரியாதான்னு புடிச்சு ஏறுனேன். அவ அவரையே பாத்துட்டு இருந்தா. அதோட சரி, ரெண்டு மூணு வகுப்புக்கப்பறம் அந்த அண்ணன் வர்றதில்ல. ரசனை வேணும் கண்ணு, எல்லாருக்கும் அது அமையாது.

அடுத்து ஒண்ணு எழுதுனா. ‘என் கைபேசிக்கு நாக்கு இல்லை, நாக்கு அவர் சட்டைப் பையில் இருக்கிறது.’ எப்படி? சிம் கார்டச் சொல்றா. ஆனா சிம் கார்டயா சொல்றா? காதல் வந்துட்டா நம்ம பேச்சு நம்மகிட்ட இருக்குமா? அதச் சொல்றா. உனக்கு இப்பத்தான் நிச்சயம் ஆயிருக்குது, உனக்கே தெரியும். சிரிக்க மாட்டேங்கறயே.

ஒரு சங்கதி சொல்றேன் பாரு. எழுதுன தாள அவ ஊட்டுக்கு எடுத்துட்டுப் போகவே மாட்டா. எல்லாத்தையும் எங்கிட்டயே குடுத்துருவா. “நீங்களே வெச்சுக்கங்க டீச்சர், பத்திரமா வெச்சுக்கங்க”ம்பா. அவ்வளவு நம்பிக்கை எம்மேல. எனக்குப் பொண்ணு இல்லாத கொற அவளாலதான் தீந்துச்சு.

அப்பறம் அந்தக் கெணத்துக் கவிதை. இரு, அத உக்காந்த எடத்துலயே சொல்லோணும், மெதுவாச் சொல்லோணும்.

*ஞாயிற்றுக்கிழமை கிணற்று மேட்டுக்குக்*
*கூட்டிப் போவார்.*
*ஆழம் பார் என்பார்.*
*பார்ப்பேன்.*
*முதுகில் கை இருக்கும்.*
*இந்த ஞாயிறும்*
*கையை எடுத்துக்கொண்டார்.*

பாத்தியா, உனக்கே மயிரு கூச்செறியுது. கையப் பாரு, எப்படி நிக்குது. அதான் கவிதை. ஆழம் பாருங்கறது யாரு? குரு. வாழ்க்கையோட ஆழத்தப் பாருங்கறாரு. முதுகுல கை வெச்சுத் தாங்கறாரு. ஒரு கட்டத்துல கைய எடுத்துடறாரு, நீயே நில்லுன்னு. புருசன குருவா, தெய்வமாப் பாக்கறா. அந்தக் காலத்துப் பொம்பளைங்களுக்கு இருந்த பக்தி இது. நான் அன்னைக்கு ஒரு மணி நேரம் பேசுனேன்.

எல்லாரும் போனப்பறம் அவ மட்டும் போகல. வாசல்ல கார் ஹாரன் ஒரு தடவ அடிச்சுது. “டீச்சர், அந்தக் கெணத்துக் கவிதை இருக்குதுங்கல்ல, அது...”ன்னு ஆரம்பிச்சா. நான் டக்குனு அவ வாயப் பொத்திட்டேன், எங் கையாலயே, இப்படி. “விளக்கம் சொல்லக் கூடாது கண்ணு, சொன்னாச் செத்துப் போயிரும்”னேன். கவிதையத்தான் சொன்னேன். என்ன மனசுல இருந்தாலும் அடுத்த கவிதையில போடுன்னேன். எங் கைய அவ எடுத்து விடல. அப்படியே நின்னா. கண்ணு ரெண்டும் பொங்கிருச்சு. ஒருத்தரு நம்ம எழுத்த இவ்வளவு மதிக்கறாங்களேன்னு வர்ற தண்ணி அது. மறுபடியும் ஹாரன் அடிச்சுது, ஓடிட்டா.

ஏங் கண்ணு, ஒரு மாதிரி இருக்கறே? பஸ்ஸுல வந்தது தல சுத்துதா? இரு, ஒரு வாய் டீ வெச்சுட்டு வர்றேன். வேண்டாம்னு சொல்லப் படாது. தண்டபாணி தம்பி பொண்டாட்டிய வெறும் வாயோட அனுப்புனேன்னு அப்பறம் அவரு எங்கிட்டச் சண்டைக்கு வருவாரு. இந்தப் பேப்பரப் படிச்சுட்டு இரு.

இந்தா. இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன். கொஞ்சம் நேரமாயிருச்சு, அடுப்புல வெச்சுட்டு ஒரு போன் பேசிட்டு வந்தேன். குடி.

எங்க விட்டேன்? ஆங், புத்தகம். இவ்வளவு நல்லா எழுதறவள வகுப்போட விட்டுட முடியுமா? நான்தான் தொகுத்தேன். அவளுக்கு இஷ்டமே இல்ல. “வேண்டாங்க டீச்சர், வெளிய போக வேண்டாங்க, கால்ல வேணா விழறேன்”னா. கால்லயும் விழுந்துட்டா, விளையாட்டில்ல. கூச்சம்! எழுதறவங்க எல்லாரும் மொதல்ல அப்படித்தான். கல்யாணப் பொண்ணு வேண்டாம் வேண்டாம்னு தலையாட்டற மாதிரிதான். தம்பிக்குத் தெரியாமலே அச்சுக்குக் குடுத்தோம், மேடையில வெச்சுக் காட்டி ஆச்சரியப்படுத்தோணும்னு. அந்தக் கெணத்துக் கவிதைக்குத் ‘தோட்டத்தில் ஞாயிறு’ன்னு அவ வெச்ச தலைப்ப மாத்தி, ‘ஆழம்’னு வெச்சது நான். புத்தகத்துக்கே அதுதான் பேரு.

புத்தகம் வெளியிடறதுல ஒரு முறை இருக்குது, உனக்குத் தெரிஞ்சிருக்கும். ஒருத்தரு வெளியிடோணும், இன்னொருத்தரு மொதல் பிரதிய வாங்கோணும். வாங்கறவரு யாருங்கறதுதான் பெரிய விசயம். ஊருல கவுன்சிலரு, மில்லு மொதலாளின்னு தேடுவாங்க. நான் யோசிச்சேன். இவள எழுத வெச்சது யாரு? வெயில்ல காத்துக் கெடந்தது யாரு? இந்தக் கவிதையெல்லாம் யாரப் பத்தினது? புருசனுக்குக் குடுக்கறத விட வேற எவனுக்குக் குடுக்கறது? கல்யாண மண்டபத்துல மேடை போட்டோம். மைக்குல அவரு பேரக் கூப்பிட்டு, மொதல் பிரதிய அவரு கையில குடுத்து, “எதாவது ஒரு பக்கத்தப் பிரிச்சு நீங்களே வாசிங்க தம்பி”ன்னேன்.

அவரு பிரிச்சாரு. எது வந்துச்சுன்னு நெனைக்கறே? கெணத்துக் கவிதை.

நல்ல குரலு அவருக்கு. ஒரு எடத்துல தடுமாறல. ஆழம் பார் என்பார்ங்கற எடத்துல நின்னு, தலைய நிமித்தி அவளப் பாத்துட்டு, அப்பறம் மீதிய வாசிச்சாரு. கடைசி வரிய ரெண்டு தடவ வாசிச்சாரு. கவியரங்கத்துல ரெண்டாந் தடவ வாசிக்கறது அந்த வரிக்குப் பண்ற மரியாதை. யாரும் அவருக்குச் சொல்லித் தரல, அவருக்கா வந்துச்சு. அப்பறம் மைக்கப் புடிச்சு, “இவ இவ்வளவு எழுதுவான்னு எனக்குத் தெரியாது. இத்தன நாளா நான் கவனிக்காம விட்டுட்டேன். இனிமே கூடவே இருந்து கவனிச்சுக்கறேன்”னு சொன்னாரு. மண்டபமே எந்திரிச்சுக் கை தட்டுச்சு. நான் அழுதுட்டேன்.

அவ? அவளுக்குப் பொன்னாட போத்தி விட்டிருந்தோம். சித்திர மாசத்து வெயிலு, மின்விசிறி காத்தே அனலா வருது, அவ அந்தப் பொன்னாடைக்குள்ள நடுங்கிட்டு இருந்தா. மேடை பயம். உங்ககூடவே வந்தர்றேன்னு எஞ் சீலத் தலப்பப் புடிச்சுக்கிட்டா, விடவே மாட்டேங்கறா. புள்ளைங்க மொத நாள் பள்ளிக்கூடத்துல அம்மா சீலயப் புடிச்சுக்குமே, அதாட்டம். நான் வெரல் வெரலாப் பிரிச்சு எடுத்து, தம்பி கையில புடிச்சுக் குடுத்தேன். எல்லாரும் போட்டோ எடுத்தாங்க.

அன்னைக்கே அத்தன புத்தகத்தையும் தம்பியே வாங்கிட்டாரு. ஒண்ணு விடல. எம் பிரதியையும், அவ எழுதிக் குடுத்த தாளையும்கூடக் கேட்டு வாங்கிட்டாரு. கடை கண்ணிக்கெல்லாம் போகக் கூடாது, எங்க ஊட்லயே இருக்கட்டும்னு. தேடியிருப்பியே, கெடைச்சிருக்காது. ஆனா எனக்குப் பிரதி எதுக்கு? எல்லாம் மனப்பாடம்.

அதுக்கப்பறம் அவ வகுப்புக்கு வரல. ஒடம்பு சரியில்லன்னு தம்பி சொன்னாரு. ஒரே ஒரு தடவ பாத்தேன், மாரியம்மன் கோயில் நோம்பியப்ப. தம்பி பக்கத்துல நின்னுட்டு இருந்தா. முழுக்கை ஜாக்கெட்டு, அந்த வெயில்ல. “என்ன கண்ணு, புதுசா எதாவது எழுதுனியா?”ன்னு கேட்டேன். தம்பி சிரிச்சுட்டே, “சொல்லு, டீச்சர் கேக்கறாங்கல்ல”ன்னாரு. அவ எங் கண்ணயே பாத்துட்டு, “நாளைக்குத் தோட்டத்துக்குப் போறோங்க டீச்சர்”ன்னா.

அருமையான ஆரம்பம்னேன். அதுல இருந்தே தொடங்குன்னேன். ஆனா ‘நாளைக்கு’ வேண்டாம், ரொம்ப நேரா இருக்குது, ‘என்றோ ஒரு நாள்’னு போடுன்னேன்.

மறுநாள்தான் அது நடந்துச்சு. கால் வழுக்கி விழுந்துட்டா. கெணத்து மேட்டுல பாசி புடிச்சிருந்துச்சாம். தம்பி கத்துன கத்து அடுத்த தோட்டம் வரைக்கும் கேட்டுதுன்னாங்க.

கொஞ்சம் இரு கண்ணு. இத மட்டும் என்னால அழாமச் சொல்ல முடியாது. நல்ல புள்ள. எம் புள்ள அவ.

அவ அம்மா எங்கிட்ட வந்தாங்க, காரியம் முடிஞ்சப்பறம். எங் கையப் புடிச்சுட்டு, “எம் புள்ள உங்ககிட்ட எதாவது சொன்னாளாங்க?”ன்னு கேட்டாங்க. சொல்லலைங்க, எழுதுனான்னேன். அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, பாவம். போலீஸும் வந்துச்சு. பொம்பள இன்ஸ்பெக்டரு, இதே கட்டில்ல உக்காந்துட்டு, அந்தக் கவிதையக் கேள்விப்பட்டுட்டு வந்து கேட்டாங்க. “இது என்னங்கம்மா, முதுகில் கை இருக்கும்னு எழுதியிருக்காங்களாமே?”ன்னு. விட்டா அந்தத் தங்கமான மனுசன உள்ள வெச்சிருப்பாங்க. நான் உக்கார வெச்சு, படிமம்னா என்ன, உருவகம்னா என்னன்னு ஆரம்பிச்சு, குரு சீடன் தத்துவம் வரைக்கும் நடத்துனேன். கவிஞர் மனசு எப்பவும் ஆழத்தப் பாத்துத்தான் சாயும், அதுக்கு மத்தவங்க என்ன பண்ண முடியும்னு சொன்னேன். அந்தம்மா எழுதிட்டே இருந்தாங்க, அப்பறம் பேனாவ மூடிட்டாங்க. முப்பது வருசம் தமிழ் நடத்துனவங்க பேச்சுக்கு மேல எது இருக்குது? தம்பி மேல ஒரு தூசி படல. நான் படவிடல.

தம்பி அத மறக்கல. தீபாவளி, பொங்கல்னா சீல வந்துரும். இந்தக் கட்டிலு அவரு வாங்கிக் குடுத்ததுதான்.

நான் எழுதறதா? இப்ப எழுத வர்றதில்ல கண்ணு. அவ போனதுல இருந்தே வரல. பேனாவ எடுத்தா அந்தச் சீலத் தலப்பு இழுக்கறாப்பல இருக்குது, திரும்பிப் பாக்கறேன். யாரும் இருக்கறதில்ல. தூக்கமும் கொறஞ்சு போச்சு. வயசாகுதுல்ல.

சரி, நீ கேட்டதுக்கு இதான் பதிலு. தைரியமாக் கழுத்த நீட்டு. பொண்டாட்டியக் கவிஞராக்கிப் பாத்த மனுசன். நீயும் வந்து எழுது. கல்யாணத்துக்கப்பறம் உன்னையும் வகுப்புக்கு அனுப்பறேன்னு தம்பி இப்பவே சொல்லிட்டாரு. என்ன, எதோ சொல்ல வர்றே. சொல்லு.

போன ஞாயித்துக்கிழமையா? தோட்டத்துக்கா? உங்க அண்ணன், அண்ணியெல்லாம் வந்திருந்தப்பவா? உன்ன மட்டும் தனியா, கெணத்து மேட்டுக்கா?

ஆழம் பாருன்னாரா!

ஐயோ, எனக்கு மறுபடியும் சிலிர்க்குது. பாத்தியா கண்ணு, அந்தக் கவிதை அவரு மனசுலயே நின்னு போச்சு! அவள மறக்கல அவரு. அவ எழுதுன வரிய உங்கிட்டச் சொல்லிப் பாக்கறாரு. இதவிட ஒரு புருசன் செத்துப் போன பொண்டாட்டிக்கு என்ன மரியாத பண்ண முடியும்? முதுகுல கை வெச்சாரா? வெச்சாரா, சொல்லு!

ஏன் எந்திரிச்சுட்டே? டீ அப்படியே இருக்குது. பஸ்ஸா? பொள்ளாச்சி வண்டிக்கு இன்னும் நேரம் கெடக்குது. பஸ் எதுக்கு உனக்கு, தம்பிதான் வந்துட்டு இருக்காரே.

நான்தான் சொன்னேன். டீ வெக்கப் போனப்ப போன் பண்ணுனேன்னேன்ல. நீ வெக்கப்பட்டுட்டுச் சொல்லாம வந்தா நானும் சொல்லாம இருக்கோணுமா? கோகிலா கவிதையப் பத்திக் கேக்கறா, உங்களப் பத்தி விசாரிக்கறான்னு சொன்னேன். போன்லயே கடை ஷட்டர எறக்கற சத்தம் கேட்டுச்சு. அப்பறம், “போக விடாதீங்க டீச்சர், பேசிட்டு இருங்க, இதோ வந்தர்றேன்”னாரு. எவ்வளவு ஆசை பாரு. கடை பைபாஸ்லதானே, வந்துருவாரு. கார் சத்தம்கூட கேட்ட மாதிரி இருந்துச்சு.

உக்காரு கண்ணு. ஏன் மூஞ்சி இப்படி வெளுக்குது?

பின்பக்கமா? பின்பக்கம் கதவு இருக்குது, வாய்க்கால் ஓரமாப் போனா பஸ் ஸ்டாண்டு வரும். ஆனா அந்த வழி எதுக்கு? முள்ளு கெடக்கும் கண்ணு. யசோதா! கண்ணு! ஏய், பத்திரிகை வாசகத்தப் பாத்துட்டாவது போ!

வாங்க தம்பி, வாங்க வாங்க. இப்பத்தான், நீங்க படியேறறதுக்கு முன்னாடி போனாங்க. இல்லீங்க, இந்த வழியா இல்ல, பின்னால. வெக்கம், வேற என்ன. உங்க கார் சத்தத்தக் கேட்டதும் சிட்டாப் பறந்துட்டாங்க. எல்லாம் நல்லபடியாத்தான் சொன்னேன், உங்களப் பத்தி ஒரு கொற சொல்லல. கவிதையெல்லாம் சொன்னேன் தம்பி, ஒரு வரி விடாம. நீங்க மேடையில வாசிச்சதையும் சொன்னேன். ரசனையான பொண்ணு, கேக்கறப்பவே கை மயிரு எந்திரிச்சு நின்னுச்சு. எங்கிட்ட அனுப்புங்க, நல்லா வருவாங்க.

வாய்க்கால் ஓரமாத்தான் தம்பி. அக்கட்ட ஒரு ஆளு கெடையாது, இந்த வெயில்ல யாரு வருவா. கார் அதுல போகாது, நடந்துதான் போகோணும். இருங்க, இருங்க, இதையும் எடுத்துட்டுப் போங்க. பாருங்க, அவசரத்துல செருப்ப வாசல்லயே விட்டுட்டுப் போயிட்டாங்க.

ஏன் தம்பி இவ்வளவு வேகம்? மெதுவாப் போங்க. வெறுங்காலோட எவ்வளவு தூரம் போயிருவாங்க.